தேர்தல் சொற்களுக்கு ஒரே பொருள் வைத்துக்கொள்வோமா? ‘பெரும்பான்மை’யிலிருந்து தொடங்கலாம்

தராசுமுள்

வாக்கு முறைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறோம். ஒருவர் "ஜெயித்தவருக்குப் பெரும்பான்மை இருக்கிறது" என்கிறார், அடுத்தவர் "கிடையவே கிடையாது" என்கிறார், இருவர் கையிலும் இருப்பது ஒரே முடிவுப் பட்டியல். எண்ணில் தகராறே இல்லை. ஒரு சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுகிறோம்.

இலங்கையில் 2024இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுபடியான வாக்குகள் 1,33,19,616. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 56,34,915, அதாவது 42.31%. யாருக்கும் பாதிக்கு மேல் வராததால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை விலக்கிவிட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களைப் பார்த்தார்கள். அங்கே ஜனாதிபதித் தேர்தல் இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனது அதுதான் முதல் தடவை. முடிவில் அநுர 57,40,179, சஜித் பிரேமதாச 45,30,902. இந்த இருவருடைய வாக்குகளை மட்டும் கூட்டி அதில் பங்கு பார்த்தால் அநுரவுக்கு 55.89%. செல்லுபடியான வாக்குகள் மொத்தத்தையும் வைத்துப் பார்த்தால் 43% அளவு. இரண்டும் சரியான கணக்குதான், இரண்டையும் நேர்மையாகவே சொல்லலாம். ஆனால் "பெரும்பான்மை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்ல முடியாது.

அதனால் என் யோசனை: இந்த மன்றத்தில் அடிக்கடி வரும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த வாக்கு முறைக்கும் சாதகமாகச் சாயாத ஒரு வரையறையை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். முதல் சொல் பெரும்பான்மை. நான் முன்வைப்பது: "சொல்லப்பட்ட ஒரு மொத்தத்தில் பாதிக்கு மேல்." மொத்தம் எது என்று சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. பாதியைத் தொடாமல் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாங்கியதை "அதிக வாக்கு" என்று மட்டும் எழுதுவோம்.

நேர்க்கோடு

நல்ல முயற்சி. ஆனால் பெரும்பான்மை என்றால் 50% கூட்டல் ஒன்று என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? எல்லோருக்கும் பழக்கமானது.

கழித்தல்மீதி

பழக்கமானதுதான், ஆனால் ஒற்றைப்படை எண்ணில் அது தவறிவிடும். மொத்தம் 101 வாக்கு என்று வையுங்கள். பாதி 50.5. அதோடு ஒன்றைக் கூட்டினால் 51.5, அதாவது 52 வாக்கு வேண்டும். ஆனால் 51 வாங்கியவர் ஏற்கெனவே பாதிக்கு மேல் போய்விட்டார், எதிரே இருப்பவை 50தான். "பாதி கூட்டல் ஒன்று" என்று எழுதினால் நியாயமாக ஜெயித்த ஒருவரைத் தோற்கடித்துவிடுவோம். "50% கூட்டல் ஒன்று" என்பதை 51% என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் விதியில் இதைச் சரியாகக் கையாண்டிருக்கிறார்கள்: செல்லுபடியான வாக்கு மதிப்பை (அங்கே ஒவ்வொரு எம்.பி., எம்.எல்.ஏ. வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு) இரண்டால் வகு, மீதி வந்தால் அதை விட்டுவிடு, பிறகு ஒன்றைக் கூட்டு. 1969 தேர்தலில் மொத்த மதிப்பு 8,36,337. பாதி 4,18,168.5, அரையை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 4,18,169. அதுதான் அன்றைய தேவை. வி.வி. கிரிக்கு முதல் விருப்பத்தில் கிடைத்தது 4,01,515. அடுத்த விருப்பங்களையும் சேர்த்த பிறகு 4,20,077. நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427.

இந்த இருவரையும் கூட்டிப் பாருங்கள், 8,25,504 வரும். தொடக்க மொத்தத்தில் 10,833 குறைகிறது. அதாவது சிலருடைய சீட்டில் இந்த இருவரில் ஒருவருக்குக்கூட விருப்ப எண் இல்லை, அவை வழியிலேயே நின்றுவிட்டன. அப்படியிருந்தும் கிரி தாண்டியது *தொடக்க* மொத்தத்தின் பாதியை. தராசுமுள் சொன்ன இலங்கை உதாரணத்தில் அது நடக்கவில்லை. இரண்டும் விருப்ப வரிசைத் தேர்தல்தான், இரண்டிலும் "இரண்டாம் விருப்பத்தில் வென்றார்" என்றுதான் எழுதுவோம், ஆனால் அடியில் இருக்கும் மொத்தம் வேறு. ஆகவே தராசுமுள்ளின் வரையறைக்கு என் முழு ஆதரவு.

சபைக்குறிப்பு

நான் தேர்தலைவிடச் சபை விதிகளை அதிகம் படிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். "எதில் பாதி" என்ற கேள்வியைச் சபைகள் ரொம்பக் காலத்துக்கு முன்பே சந்தித்துவிட்டன, அவர்கள் எழுதிவைத்திருப்பதை எடுத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

இந்திய அரசியல் சட்டத்தின் 368ஆம் பிரிவில், திருத்தத்துக்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் வேண்டும். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மொத்தங்கள். இலங்கையில் அதே "மூன்றில் இரண்டு" வராதவர்களையும் சேர்த்த முழு உறுப்பினர் எண்ணிக்கையில் கணக்கிடப்படுகிறது, 225 பேரில் 150 என்றால் 150தான், எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் குறையாது.

அப்புறம் ஐ.நா. பொதுச்சபையின் 86ஆவது விதி. "வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்" என்றால் ஆம் அல்லது இல்லை என்று வாக்களிப்பவர். ஒதுங்கியிருப்பவர் வாக்களிக்காதவராகவே கருதப்படுவார் என்று அந்த விதியே பிரித்துச் சொல்லிவிடுகிறது. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த வரையறை இது. சண்டை வரக்கூடிய இடம் எது என்று முன்கூட்டியே யோசித்து அங்கே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

அப்படி எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாதுகாப்புச் சபையே உதாரணம். சாசனத்தின் 27ஆம் பிரிவு, நடைமுறை சாராத தீர்மானங்களுக்கு நிரந்தர உறுப்பினர்களின் இசைவான வாக்குகளும் வேண்டும் என்கிறது. ஒரு நிரந்தர உறுப்பினர் ஒதுங்கியிருந்தால் அது இசைவா, மறுப்பா? எழுத்தில் பதில் இல்லை. ஒதுங்குவது வீட்டோ ஆகாது என்று நடைமுறையில்தான் பழகி வந்தது, 1971இல் நமீபியா பற்றிய கருத்துரையில் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொண்டது.

எனவே என் வேண்டுகோள்: "வாக்களித்தவர்", "வாக்களிக்காதவர்" என்ற இரண்டையும் பெரும்பான்மைக்கு முன்பே வரையறுத்துவிடுங்கள். அஸ்திவாரம் அதுதான்.

பேச்சுவழக்கு

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி. செய்தியாளர்களும் பொதுமக்களும் தங்கள் இஷ்டப்படிதான் "பெரும்பான்மை" என்பார்கள். தொகுதியில் நாலுமுனைப் போட்டியில் 34% வாங்கியவரை "பத்தாயிரம் வாக்குப் பெரும்பான்மையில் வென்றார்" என்று எழுதுகிறவர்களை நாம் நிறுத்த முடியாது. நமக்குள் மட்டும் ஒரு தனி மொழியை உருவாக்கிக்கொண்டால் புதிதாக வருபவர்கள் விலகி ஓடுவார்கள் என்பதே என் கவலை.

தராசுமுள்

புதிதாக வருபவர்களுக்காகத்தான் இதைக் கேட்கிறேன். அவர்கள் "வாக்கு வித்தியாசம்" என்ற பொருளில் பெரும்பான்மை என்று சொன்னால் நாம் திருத்த வேண்டியதில்லை, "எவ்வளவு வித்தியாசம் என்று சொல்கிறீர்கள், சரி" என்று புரிந்துகொண்டு போகலாம். நாம் ஒரு முறையை ஆதரித்தோ எதிர்த்தோ வாதம் வைக்கும்போதுதான் கறார் வேண்டும்.

சொல் தெளிவாக இல்லாவிட்டால் சாதாரண மக்கள் எப்படி ஏமாற்றம் அடைகிறார்கள் என்பதற்கு 1979 ஸ்காட்லாந்து வாக்கெடுப்பைப் பாருங்கள். தனிச் சட்டமன்றம் வேண்டும் என்றவர்கள் வாக்களித்தவர்களில் 51.6%. ஆனால் பதிவுசெய்த வாக்காளர்களில் 40% ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது, அந்த மொத்தத்தில் பார்த்தால் ஆதரவு 32.9%தான். சட்டமன்றம் வரவில்லை. அங்கே விதி தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் வாக்குப் போட்டவர்களில் பலர் மனதில் "பாதிக்கு மேல் வந்தால் ஜெயித்தோம்" என்ற பொருள்தானே இருந்திருக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் தோற்றவர் அதைச் சூழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார், அந்தக் கசப்பு போகவே போகாது.

எண்ணும்மேசை

வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சபைக்குறிப்பு ஐயா சொன்ன அஸ்திவார விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன்.

மொத்தம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறீர்கள். பெட்டியைத் திறந்து கொட்டியபிறகு அது எத்தனை குவியலாகப் பிரியும் தெரியுமா? பட்டியலில் பெயர் இருப்பவர்கள் ஒரு எண். வந்து சீட்டு வாங்கியவர்கள் இன்னொரு எண். பெட்டிக்குள் இருக்கும் சீட்டுகள் மூன்றாவது, ஏனென்றால் வாங்கிய சீட்டைப் போடாமல் கையோடு கொண்டுபோகிறவர்களும் உண்டு. அதில் எதுவும் எழுதாத வெற்றுச் சீட்டைத் தனியே வை. யாருக்கு என்று தெரியாததைத் தனியே வை. எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுக்கும்படி கையெழுத்து போட்டிருந்தால் அதுவும் ஒதுங்கும். மிஞ்சுவதுதான் செல்லும் வாக்கு.

விருப்ப வரிசைச் சீட்டில் இன்னும் தலைவலி. ஒரு சீட்டில் 1, 2, 4 என்று இருக்கிறது, 3 இல்லை. 2 வரை செல்லும், அதற்குமேல் செல்லாது என்பது ஒரு வழி. 4ஐ 3 என்று எடுத்துக்கொள் என்பது இன்னொரு வழி. அடுத்த சீட்டில் ஒரே பெயருக்கு நேரே ஒரு புள்ளடி மட்டும், எண்ணே இல்லை. அதற்கடுத்ததில் இரண்டு பேருக்கு 1. முகவர்கள் மூன்று பக்கமும் நின்று எட்டிப்பார்க்கிறார்கள், ஒவ்வொருவரும் தன் ஆளுக்குச் சாதகமாகத்தான் அந்தச் சீட்டைப் படிப்பார். கையில் எழுதிய விதி இல்லை என்றால் அங்கே எதையும் தீர்க்க முடியாது. "வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் செல்லும்" என்ற விதிகூட, எது தெளிவு என்று உதாரணம் போட்டுக் காட்டினால்தான் வேலைக்கு ஆகும்.

வெற்று வாக்கு விஷயத்தில் பிரான்ஸ் செய்தது கவனிக்க வேண்டியது. 2014 சட்டத்துக்குப் பிறகு வெற்றுச் சீட்டைச் செல்லாத சீட்டிலிருந்து பிரித்துத் தனியாக எண்ணி அறிவிக்கிறார்கள், ஆனால் வேட்பாளர்களின் சதவீதம் போடும் மொத்தத்தில் அதைச் சேர்ப்பதில்லை. இந்தியாவில் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நோட்டாவும் எண்ணப்படும், அறிவிக்கப்படும், ஆனால் அதுவே முதலிடம் வந்தாலும் வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவர்தான் வென்றவர். "எண்ணப்படுவது" வேறு, "மொத்தத்தில் சேர்வது" வேறு, "முடிவை மாற்றுவது" வேறு. மூன்றையும் ஒரே வரையறையில் கலக்க வேண்டாம்.

நேர்க்கோடு

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று தெளிவாகிறது. செல்லாத வாக்கு, வழியிலேயே நின்று தீர்ந்துபோன வாக்கு, ஒதுங்கிய வாக்கு எல்லாவற்றையும் "வீணான வாக்கு" என்று ஒரே பையில் போட்டுப் பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

மாற்றுவிருப்பம்

கடைசி ஆளை நீக்கிக்கொண்டே போகும் விருப்ப வரிசை முறைக்கு நான் ஆதரவாளன், எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே இதை நான் சொல்வது நல்லது: எங்கள் பக்கத்தில் "இந்த முறையில் ஜெயிப்பவருக்கு எப்போதும் பெரும்பான்மை உண்டு" என்று பிரசாரம் செய்கிறார்கள். மொத்தத்தைச் சொல்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தல், 2009. முதல் விருப்பங்களில் கர்ட் ரைட் 2,951, பாப் கிஸ் 2,585, ஆண்டி மான்ட்ரோல் 2,063, இவர்களுக்குக் கீழே வேறு சிலர். கடைசிச் சுற்றில் கிஸ் 4,313, ரைட் 4,061. மீந்த சீட்டுகளில் கிஸ்ஸுக்குப் பாதிக்கு மேல். முதல் சுற்றில் எண்ணிய எல்லாச் சீட்டுகளிலும் பார்த்தால் 48% அளவு. அறுநூறு சீட்டுகளாவது இடையில் தீர்ந்துவிட்டன.

ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அங்கே எல்லா வேட்பாளருக்கும் எண் போட்டாக வேண்டும், போடாவிட்டால் சீட்டு செல்லாது. எனவே எந்தச் சீட்டும் வழியில் தீராது, கடைசியில் வெல்பவருக்குச் செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல் இருந்தே தீரும். ஆனால் அந்தப் பெரும்பான்மைக்குள் வேறு வழியில்லாமல் ஏழாவது எண் போட்டவர்களும் அடக்கம். இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

எனவே இரண்டு சொற்களாகப் பிரிக்கலாம்: "செல்லும் வாக்குகளில் பெரும்பான்மை", "கடைசிச் சுற்றில் பெரும்பான்மை". "தீர்ந்த சீட்டு" என்பதற்கு: செல்லுபடியான சீட்டு, ஆனால் அதில் வரிசைப்படுத்திய எல்லோரும் நீக்கப்பட்டுவிட்டதால் மேற்கொண்டு யாருக்கும் சேராதது.

ஜோடிக்கணக்கு

மாற்றுவிருப்பம் அதே பர்லிங்டனைக் கொண்டுவந்ததால் அடுத்த சொல்லுக்குப் போகலாம்: வாக்கைப் பிரிப்பவர்.

அந்தத் தேர்தல் சீட்டுகளை வைத்து இருவர் இருவராக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மான்ட்ரோலை ரைட்டோடு வைத்தால் மான்ட்ரோல் வெல்கிறார், கிஸ்ஸோடு வைத்தாலும் மான்ட்ரோல்தான் வெல்கிறார். மற்ற ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் வெல்பவரைக் கோண்டோர்செ வெற்றியாளர் என்கிறோம், 1785இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரரின் பெயரால். ஆனால் மூன்றாவதாக வந்ததால் அவர் முன்பே நீக்கப்பட்டுவிட்டார்.

இப்போது ரைட் போட்டியிடவே இல்லை, மற்றச் சீட்டு வரிசைகள் அப்படியே இருக்கின்றன என்று கணக்குப் போடுங்கள். மான்ட்ரோல் வெல்கிறார். ரைட் இருந்தால் கிஸ் வெல்கிறார், ரைட்டோ எப்படியும் வெல்லவில்லை. "தான் ஜெயிக்காமல், தான் இருப்பதாலேயே ஜெயிப்பவரை மாற்றிவிடும் வேட்பாளர்" என்பது வாக்கைப் பிரிப்பவருக்கான வரையறை என்றால், அந்தத் தேர்தலில் பிரித்தவர் முதல் சுற்றில் முதலிடம் வந்த ரைட்!

பேச்சுவழக்கு

இதை எப்படி ஏற்பது? வாக்கைப் பிரிப்பவர் என்றால் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத சின்ன வேட்பாளர் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். முதலிடத்தில் நின்றவரை அப்படிச் சொன்னால் அவருக்கு வாக்களித்த 2,951 பேரையும் அவமதிப்பது போல இருக்கிறது.

ஜோடிக்கணக்கு

உங்கள் ஆட்சேபத்தின் பின்பாதியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சொல்லில் பழி ஏறியிருக்கிறது, போட்டியிடுவது யாருக்கும் உள்ள உரிமை. ஆனால் "சின்ன" என்பதை வரையறைக்குள் கொண்டுவந்தால் எத்தனை சதவீதம் வரை சின்னது என்று கேட்பேன், அதற்குப் பதில் இருக்காது. எனவே வேட்பாளரை விட்டுவிட்டு முறையைப் பற்றிப் பேசுவோம்: "தோற்கும் ஒருவரை நீக்கினால் வெற்றியாளர் மாறுகிறார் என்றால் அந்தத் தேர்தலில் வாக்குப் பிரிவு நடந்திருக்கிறது." ஆளைச் சுட்டாத வரையறை.

பேச்சுவழக்கு

இது சரி. இதற்கு நான் கைதூக்குகிறேன்.

கழித்தல்மீதி

ஆனால் கவனித்தீர்களா, "மற்றச் சீட்டு வரிசைகள் அப்படியே இருக்கின்றன என்று" என்ற ஒரு நிபந்தனையை ஜோடிக்கணக்கு போகிறபோக்கில் சேர்த்தார். நம் வாதங்களில் மீதிப் பாதி அந்த இடத்தில்தான் இருக்கிறது. நாம் வரையறுப்பது சீட்டைப் பற்றியா, வாக்காளர் மனதைப் பற்றியா?

ஒப்புதல் வாக்கு முறையைப் பாருங்கள், பிடித்தவர்கள் எத்தனை பேரானாலும் எல்லோருக்கும் குறி போடலாம். ஐந்து வாக்காளர்கள். மூன்று பேருக்கு மிகவும் பிடித்தவர் க, ஆனால் ங-வும் பரவாயில்லை என்பதால் இருவருக்கும் குறி போடுகிறார்கள். மீதி இருவர் ங-வுக்கு மட்டும். க-வுக்கு 3, ங-வுக்கு 5, வென்றவர் ங. "வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் முதல் தேர்வு எவரோ அவர் வெல்ல வேண்டும்" என்ற பெரும்பான்மை நிபந்தனையை இந்த முறை மீறியதா?

மனதைக் கேட்டால் மீறியது, மூன்று பேருக்கு க-தான் முதல். சீட்டைக் கேட்டால் மீறவில்லை, ஏனென்றால் எந்தச் சீட்டிலும் "க, ங-வைவிட மேல்" என்று எழுதவில்லை. பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளில் க-வுக்கு மட்டும் குறி இருந்தால் க கட்டாயம் வென்றிருப்பார். ஒப்புதல் முறைக்காரர்கள் இரண்டாவது வாசிப்பை எடுத்துக்கொண்டு "நிறைவேறுகிறது" என்று எழுதுகிறார்கள், எதிர்ப்பவர்கள் முதல் வாசிப்பை எடுத்துக்கொண்டு "நிறைவேறவில்லை" என்று எழுதுகிறார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பொய்யர் என்று அழைக்கிறார்கள். எத்தனை நல்ல மனிதர்கள் இப்படிப் பேசாமல் போய்விட்டார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் மதிப்பெண் வாக்கிலோ சீட்டைக் கேட்டாலும் விடை வேறு. மூன்று பேர் க-வுக்கு 10, ங-வுக்கு 9. இரண்டு பேர் க-வுக்கு 0, ங-வுக்கு 10. கூட்டினால் க 30, ங 47. இங்கே சீட்டிலேயே மூன்று பேர் க மேல் என்று எழுதியிருக்கிறார்கள், இருந்தும் ங வெல்கிறார். இது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், ஆனால் நிபந்தனை மீறப்பட்டது என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது.

தராசுமுள்

இதற்காகவே இந்தப் பேச்சை ஆரம்பித்தேன். ஒவ்வொரு நிபந்தனைக்கும் முன்னால் "சீட்டுப்படி" அல்லது "மனப்படி" என்று ஒட்டுவோம். பொதுவாகச் சீட்டுப்படி வரையறையையே முதன்மையாக வைக்கலாம் என்பது என் கருத்து, சரிபார்க்க நம் கையில் இருப்பது சீட்டு மட்டும்தான்.

மாற்றுவிருப்பம்

முதன்மையாக வைப்பதை எதிர்க்கிறேன். சீட்டில் இடம் கொடுக்காததாலேயே ஒரு முறை தப்பித்துக்கொள்ளும். "எங்கள் சீட்டில் வரிசை போட முடியாது, ஆகவே வரிசை பற்றிய எந்த நிபந்தனையையும் நாங்கள் மீறவில்லை" என்று சொன்னால் அது நியாயமா? குறைவாகக் கேட்கும் சீட்டுக்கு நாம் பரிசு கொடுத்ததாகிவிடும்.

கழித்தல்மீதி

நல்ல ஆட்சேபம், இதற்கு எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் முதன்மை என்று ஒன்றை வைக்காமல், இரண்டு நெடுவரிசைகளாகப் போடுவோம். ஒரு முறை இரண்டிலும் ஒரே விடை பெற்றால் வாதமே இல்லை. விடை வேறுபட்டால் அந்த வேறுபாடே படிப்பவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

ஜோடிக்கணக்கு

அடுத்தது ஏறுமுகம். "அதிக ஆதரவு கிடைத்தால் வெற்றியாளர் தோற்கக் கூடாது" என்று தளர்வாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி எழுதினால் போதாது, ஏன் என்று காட்டுகிறேன்.

90 சீட்டுகள். 34 பேர் க, ங, ச என்ற வரிசை. 30 பேர் ங, ச, க. 26 பேர் ச, க, ங. நீக்கல் முறையில் குறைவான ச முதலில் நீங்குகிறார், அவருடைய 26ம் க-வுக்குப் போகிறது, க 60, ங 30. வென்றவர் க. இப்போது ங, ச, க என்று எழுதியவர்களில் 5 பேர் மனம் மாறி, கடைசியில் வைத்திருந்த க-வை முதலிடத்துக்குத் தூக்குகிறார்கள்: க, ங, ச. புதிய நிலை: க 39, ங 25, ச 26. இம்முறை நீங்குபவர் ங. அவருடைய 25ம் ச-வுக்குப் போகிறது, ச 51, க 39. கூடுதல் ஆதரவு வந்ததால் க தோற்றுவிட்டார்.

இதில் அந்த 5 பேரும் ங-வையும் ச-வையும் தங்களுக்குள் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். அதுதான் முக்கியம். க-வைத் தூக்கும்போதே மற்றவர்களையும் இடம் மாற்றினால் யார் காரணம் என்று சொல்ல முடியாது. எனவே வரையறை: "சில சீட்டுகளில் வெற்றியாளரை மட்டும் மேலே ஏற்றி, மற்றவர்களின் ஒப்பீட்டு வரிசையைத் தொடாமல் விட்டால், அவர் தோற்கக் கூடாது." இது சீட்டுப்படி வரையறை. அதோடு இது இரண்டு தேர்தல்களை ஒப்பிடும் நிபந்தனை, நடந்த ஒரு தேர்தலின் முடிவை மட்டும் பார்த்து "இங்கே மீறப்பட்டது" என்று சொல்ல முடியாது, சீட்டுகள் முழுவதும் வேண்டும்.

மாற்றுவிருப்பம்

கணக்கைச் சரிபார்த்தேன், சரிதான். நீக்கல் முறை இதை மீறும் என்பதை எங்கள் பக்கமும் மறுக்கக் கூடாது, எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதில்தான் வாதம் இருக்கலாம்.

சபைக்குறிப்பு

"தொடர்பில்லாதவற்றைச் சாராமை" என்ற நிபந்தனையையும் பட்டியலில் வையுங்கள். ஒரே பெயரில் வேறு வேறு பொருள் ஓடுவது அங்கேதான் அதிகம். பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் எழுதியதில், இரண்டு பேரில் சமூகம் யாரை மேலே வைக்கிறது என்பது வாக்காளர்கள் அந்த இருவரை எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பதை மட்டும் சார்ந்திருக்க வேண்டும். வேட்பாளர் பட்டியல் மாறவில்லை, விருப்பங்கள்தான் மாறுகின்றன. கணிதவியலாளர் ஜான் நாஷ் பேரம் பற்றி 1950இல் எழுதியதில் வருவது வேறு: பெரிய தொகுப்பில் தேர்ந்தது சிறிய தொகுப்பிலும் இருந்தால் அங்கேயும் அதுவே தேர வேண்டும். நாம் பேச்சில் "ஒருவர் விலகினால் முடிவு மாறக் கூடாது" என்பது நாஷ் சொன்னதற்குக் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஆதாரத்துக்கு ஆரோவின் பெயரைச் சொல்கிறோம். இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்துவிட்டால் ஆரோவுக்கும் நியாயம், நமக்கும் தெளிவு.

மதிப்பெண் முறை இதை நிறைவேற்றுகிறதா என்ற பழைய தகராறும் கழித்தல்மீதி சொன்ன இரண்டு நெடுவரிசையில் அடங்கிவிடும். ஒருவர் விலகினாலும் எல்லோரும் அதே மதிப்பெண்ணைப் போடுவார்கள் என்றால் நிறைவேறும். மீதமிருப்பவர்களில் சிறந்தவருக்கு 10 என்று திரும்பப் போடுவார்கள் என்றால் நிறைவேறாது.

எண்ணும்மேசை

ஒரு சொல்லை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்: சமநிலை. இந்த வரையறைகளில் "வெல்பவர்" என்று வரும் இடமெல்லாம் ஒருவர்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை வந்தால்? சிறிய அமைப்புகளில், இருபது முப்பது பேர் வாக்களிக்கும் இடத்தில், இது அபூர்வமே இல்லை. நீக்கல் முறையில் கடைசி இடத்தில் இருவர் சமமாக நின்றால் யாரை நீக்குவது என்பதே ஜெயிப்பவரை மாற்றிவிடும், இதை எழுதாமல் விட்ட விதிகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சமநிலை வந்தால் குலுக்கல், குலுக்கலில் பெயர் வந்தவர் கூடுதலாக ஒரு வாக்கு பெற்றதாகக் கருதப்படுவார். அந்த ஒரு வாக்கை எந்த வாக்காளரும் போடவில்லை. ஆகவே நம் வரையறையில் "சீட்டுகளிலிருந்து வரும் முடிவு" என்பதையும் "சமநிலையைத் தீர்த்த பிறகு வரும் முடிவு" என்பதையும் பிரித்தே வைக்க வேண்டும்.

ஜோடிக்கணக்கு

சரியான இடத்தில் பிடித்தீர்கள். கோண்டோர்செ வெற்றியாளர் என்பதிலும் இது வரும். மற்ற ஒவ்வொருவரையும் *வெல்பவர்* என்று எழுதினால் அப்படி ஒருவர் இருந்தால் ஒருவர்தான். யாரிடமும் *தோற்காதவர்* என்று எழுதினால் இருவர் மூவர்கூட இருக்கலாம். இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைப்போம், எதைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் குறிப்போம்.

தராசுமுள்

அப்படியே செய்கிறேன். "முடிவு" என்ற சொல்லுக்கு நான் எழுதுவது இது, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்: செல்லுபடியான சீட்டுகளுக்கு முறையின் விதியைப் போட்டபின் வரும் வேட்பாளர் தொகுப்பு, அதில் ஒருவர் இருக்கலாம், பலரும் இருக்கலாம், பலர் இருந்தால் அவர்களில் ஒருவரைத் தேர்வது தனி விதி, அந்த விதியையும் வாக்களிப்பு தொடங்கும் முன்பே எழுதி அறிவித்திருக்க வேண்டும்.

எண்ணும்மேசை

"எழுதி அறிவித்திருக்க வேண்டும்" என்பதற்குப் பிறகு "முகவர்களின் கையில் ஒரு பிரதியும் கொடுத்திருக்க வேண்டும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி எனக்குச் சம்மதம்.

மாற்றுவிருப்பம்

எனக்கும்.

பேச்சுவழக்கு

சம்மதம். பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் ஆள் எடுக்கும் தேர்தல்களை அடுத்து எடுங்கள், "கோட்டா", அதாவது ஒரு இடம் கிடைக்கத் தேவையான வாக்கு, என்று ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். 100 வாக்கு, 3 இடம் என்றால் ஹேர் கணக்குப்படி 33க்கு மேல் வேண்டும் என்கிறார் ஒருவர், ட்ரூப் கணக்குப்படி 26 போதும் என்கிறார் இன்னொருவர்.

கழித்தல்மீதி

இரண்டும் சரியான கணக்கு. ஹேர் என்பது வாக்குகளை இடங்களால் வகுப்பது. ட்ரூப் என்பது இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, மீதியை விட்டு, ஒன்றைச் சேர்ப்பது. 100ஐ 4ஆல் வகுத்தால் 25, ஒன்று சேர்த்தால் 26; நான்கு பேர் ஒரே நேரத்தில் 26 வாங்க முடியாது, மூன்று பேரால் முடியும், அதனால்தான் அந்த எண். ஒரே ஒரு இடம் என்றால் இதே சூத்திரம் 1969 கணக்கில் பார்த்த 4,18,169ஐத் தரும். தராசுமுள், கோட்டாவுக்குத் தனியாக இழை திறந்தால் கோட்டாவுக்கு மேல் வாங்கிய உபரி வாக்கை எப்படிப் பகிர்வது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.